ஓரியல் கல்லூரி ஆட்சிக்குழுவினருக்கு: லோபெங்குலாவின் பெயரையும் எழுதுங்கள்

ஆக்ஸ்ஃபோர்டு ஓரியல் கல்லூரியின் ஆட்சிக்குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் கட்டட முகப்பில் நிற்கும், பிரிட்டிஷ் குடியேற்றவாதி செசில் ரோட்ஸின் சிலையை அகற்ற விரும்புவதாக 2020-இல் அறிவித்தீர்கள். பிறகு செலவையும் சட்ட நடைமுறைகளையும் காரணம் காட்டி அதைக் கைவிட்டு, 2021 அக்டோபரில் ஒரு விளக்கப் பலகையை மட்டும் வைத்தீர்கள். தென்பகுதி ஆப்பிரிக்காவின் கனிமங்களையும் நிலத்தையும் மக்களையும் சுரண்டிப் பொருள் சேர்த்தவர் அவர் என்று அதில் எழுதியிருப்பதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பலகையில் சுரண்டப்பட்டவர் ஒருவரின் பெயர்கூட இல்லை. இன்றைய ஜிம்பாப்வேயில் வாழும் இண்டெபெலே மக்களின் கடைசி அரசர் லோபெங்குலாவின் பெயரை அதில் சேர்க்கும்படி கேட்கவே இந்த மடல்.

1888 அக்டோபர் 30 அன்று ரோட்ஸின் கூட்டாளி சார்லஸ் ரட் லோபெங்குலாவிடம் பெற்ற கனிம உரிமை உடன்படிக்கையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாதம் 100 பவுண்டும் 1,000 துப்பாக்கிகளும் தருவதாகச் சொன்ன அந்தத் தாளில், பத்து வெள்ளையருக்கு மேல் தோண்ட வரமாட்டார்கள் என்று வாய்மொழியாகக் கொடுத்த வாக்கு இடம்பெறவில்லை. தாளில் இருப்பது உம்முடைய சொற்களும் எங்களுடைய சொற்களும்தான் என்று சொன்னார்கள், நம்பி ஒப்பமிட்டேன், நாட்டின் கனிமம் முழுவதும் போய்விட்டதைப் பிறகுதான் அறிந்தேன் என்று 1889 ஏப்ரலில் விக்டோரியா அரசிக்கு லோபெங்குலா எழுதினார். அதற்கு முந்தைய மாதம்தான், இலண்டன் வந்த லோபெங்குலாவின் தூதர்கள் இருவரிடம், அரசர் அந்நியருக்கு ஓர் எருதைக் கொடுப்பாரே தவிர மந்தை முழுவதையும் கொடுக்கமாட்டார் என்று அரசியின் பெயரால் அறிவுரை சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவ்வாறு சொன்ன அதே முடியாட்சிதான், ஏழே மாதங்களில், ரட் தாளை அடிப்படையாகக் கொண்டு ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்க நிறுவனத்துக்கு, அந்தப் பகுதியை ஆளும் உரிமை தரும் அரச சாசனம் வழங்கியது.

மந்தையும் கடைசியில் போயிற்று. லோபெங்குலா மீது அந்த நிறுவனம் நடத்திய 1893 போரில் சேர்ந்த தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் 6,000 ஏக்கர் நிலமும் கைப்பற்றும் மாடுகளில் பங்கும் முன்கூட்டியே பேசப்பட்டிருந்தன. மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளால் வென்ற பின், மாடுகள் எல்லாம் அரசருடையவை, ஆகவே வென்றவருக்கே உரியவை என்று நிறுவனம் வாதிட்டது. அந்த வாதத்தின் பேரில் குடும்பங்களின் சொந்தத் தொழுவங்களும் காலியாயின. குழந்தைக்குப் பால் கொடுத்த பசுவும், மகனுக்குப் பெண் எடுக்க ஒதுக்கி வைத்திருந்த மாடுகளும் போரின் கொள்ளைக் கணக்கில் ஏறின. தப்பியோடிய அரசர் சமாதானம் கேட்டு அனுப்பிய பொற்காசுகளை துரத்திவந்த படையைச் சேர்ந்த இருவரே அமுக்கிக்கொண்டார்கள். அவரைத் துரத்துவதும் நிற்கவில்லை. 1894-இன் தொடக்கத்தில் அந்த ஓட்டத்திலேயே அவர் இறந்தார். அவருடைய பிள்ளைகளைக் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குக் கொண்டுபோய்ப் படிக்கவைத்த ரோட்ஸ், அவர்களில் எவரும் அரியணையில் அமர இடம் கொடுக்கவில்லை.

உங்கள் கட்டடத்துக்கு ரோட்ஸ் விட்டுச்சென்ற பணத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களிலிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லக்கூடும். அது உண்மைதான். ஆனால் லோபெங்குலாவின் நாடு உட்பட்ட ஒரு நாட்டுக்கே ரொடீசியா என்று தம் பெயரை வைத்துக்கொண்டவர் அவர். லோபெங்குலாவின் தந்தை முசிலிகாசி அடக்கமான மடோபோ மலைகளிலேயே தமக்கும் கல்லறை கேட்டு வாங்கிக்கொண்டவர். மகன் லோபெங்குலா அங்கே தந்தையின் அருகில் அடக்கமாகவில்லை. வென்றவரின் பெயர் மலையிலும் கல்லிலும் உதவித்தொகையிலும் நிலைத்திருக்கையில், தோற்றவரை 'மக்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

கோபத்தில் சொல் சற்றுக் கடுமையாகியிருந்தால் பொறுத்தருளுங்கள். சிலையை அகற்றச் சட்டம் தடை என்றீர்கள். அந்த வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. பலகை நீங்களே எழுதியது. அதில் லோபெங்குலாவின் பெயரையும், ரட் தாளைத் தாம் ஏற்கவில்லை என்று 1889-இல் அவர் எழுதிய சொற்களையும் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு, உங்கள் முடிவைக் காரணங்களோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வரலாற்று வாசகர் ஒருவர்