படபடப்போடு இருந்தவளுக்குத் துணை நின்றவர்களுக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். போன தீபாவளி ஆர்டர் நேரத்தில் தொடங்கிய நெஞ்சுப் படபடப்பு இன்னும் முழுசாக விட்டபாடில்லை. இருந்தும் வேலைக்குப் போகிறேன், ராத்திரி தூங்குகிறேன் என்றால் அதற்குச் சிலர் காரணம்.

முதல் நன்றி பவர்டேபிள் என்கிற தையல் மெஷினில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு. "கேஸா இருக்கும், சோடா குடி" என்று நாலு பேர் சொன்னபோது, "நெஞ்சு விசயத்துல நாம எதுக்குங்க டாக்டர் வேலை பாக்கோணும்" என்று 108-ஐக் கூப்பிட்டவர் அவர்தான். அரசு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத் தசை அடிபட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டு மறுபடியும் செய்து, மாரடைப்பு இல்லை என்றார்கள். மெக்கானிக் வந்ததும் ஒழுங்காக ஓடுகிற மிக்ஸி மாதிரி, ஈசிஜி எடுத்த அந்தப் பத்து விநாடியில் என் படபடப்பு காணாமல் போயிருந்தது. அதற்குப் பிறகு ஒரு கிளினிக்கில் "எல்லாம் மனசுதாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதை வேண்டாம்.

ஹோல்டர் என்று, ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்கிற சின்னப் பெட்டியை மாட்டிவிட்ட அக்காவை மறக்க முடியாது. கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டுத்தான் நெஞ்சில் ஒவ்வொரு ஒட்டாக ஒட்டினார். ஒயர் ரவிக்கைக்கு வெளியே தெரியாமல் பெட்டியை இடுப்பில் செருகிவிட்டு, "நாளைக்கு வரைக்கும் குளிக்காதீங்க. படபடன்னு வந்தா மணியைப் பாத்து எழுதி வைங்க" என்றார். எழுதியது என் மகள். "மணி 7.40, மாவு ஆட்டும்போது" என்று அவள் குறித்த இடத்தில்தான் கூடுதல் துடிப்புகள் பதிவாகியிருந்தன.

ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருமாம்; அடுத்து ஒரு சின்ன இடைவெளி; அதற்கடுத்தது பலமாக இடிக்குமாம். அந்த இடிதான் எனக்குத் தெரிந்தது. இதைப் படம் போட்டுக் காட்டிய டாக்டரம்மாவுக்கு என் பெரிய கும்பிடு. எக்கோ என்கிற இதய ஸ்கேன், தைராய்டு இரண்டும் சரியாக இருந்தன. ஹீமோகுளோபின் மட்டும் 8.6. "ரத்தம் கம்மியா இருக்கறது ஒரு காரணமா இருக்கலாம். மிச்சம் என்னன்னு இப்போதைக்குத் தெரியலைம்மா" என்றார். தெரியலை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது. மயக்கம் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ ஏறினாலோ யோசிக்காமல் ஓடி வரவேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு என் பர்ஸில் இருக்கிறது.

உட்கார்ந்து பார்க்கிற மேசைக்கு மாற்றிய சூப்பர்வைசருக்கும் நன்றி. டீக்கடை அண்ணனுக்குக் கொஞ்சம் கோபத்தோடு நன்றி. இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று, கேட்டாலும் தர மறுக்கிறார். "மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் ஆகட்டுமுங்க" என்கிறார். இதை அவரிடம் போட்டுக் கொடுத்தது என் வீட்டுக்காரர்தான். அவருக்கும் சேர்த்தே.