கேள்வி கேட்பது அவமதிப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இக்காலத்து நோயாளிகள் மருத்துவரை மதிக்காமல் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள் என்று எங்கள் கோயில் கூட்டத்தில் ஒரு பெரியவர் வருந்தினார். செவிலியராகவே காலம் கழித்த எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை.

1977-இல், நம் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பீக்கோ போலீஸ் காவலில் மூளையில் காயம்பட்டுக் கிடந்தபோது, அவரைப் பரிசோதித்த லாங், டக்கர் என்ற மருத்துவர்கள் போலீஸின் விருப்பத்துக்கு இணங்கிப் போனார்கள். நிர்வாணமாக வண்டியில் கிடத்தப்பட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் பிரிட்டோரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், செப்டம்பர் 12-இல் இறந்தார். மருத்துவர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் மருத்துவ மன்றமோ அந்த மருத்துவர்கள்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று கைவிட்டது. அந்தச் செய்தி இன்றும் என் வயிற்றைக் கலக்குகிறது. நரம்பியல் மருத்துவர் ஃபிரான்சிஸ் ஏம்ஸும் வேறு சில மருத்துவர்களும் நீதிமன்றம் சென்று வென்ற பிறகே விசாரணை நடந்தது. 1985-இல் டக்கரின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. எங்கள் தொழிலின் மானத்தைக் காத்தவர்கள், கேள்வி கேட்ட அவர்கள்தாம்.

அந்த மருத்துவ மன்றத்தின் இடத்தில் இன்று இருக்கும் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் புகார் கொடுப்பது எப்படி என்று தங்கள் இதழில் விளக்கமாக வெளியிடுங்கள். எங்கள் பகுதி மூதாட்டிகள் பலருக்கு அப்படியொரு வழி இருப்பதே தெரியாது.

ஓய்வுபெற்ற செவிலியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்