சும்மா படிக்கும் படிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எஸ்.டி.பி.எம். என்னும் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு முடித்த பிள்ளைகள் அடுத்து என்ன படிக்கலாம் என்று தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்தோம். மருத்துவம், சட்டம், கணக்கியல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த கட்டுரையாளர், கடைசிப் பத்தியில், வெவ்வேறு பண்பாட்டினர் ஒருவரையொருவர் புரிந்து பேசுவதைப் பற்றிய பண்பாட்டிடைத் தொடர்பாடல் மாதிரியான படிப்புகளில் பிள்ளைகளைச் சேர்ப்பது வீண், சும்மா பேசுவதற்கு ஒரு பட்டமா, பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனை எதைக் கொண்டு கட்டுவது என்று கேட்டிருந்தார். என் மகள் அந்தப் படிப்பில்தான் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் சிரித்துக்கொண்டே நாளிதழை மடித்து வைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் 'சும்மா' என்ற சொல் ஒரு குடும்பத்தை அழவைத்ததை நேரில் பார்த்தவள் நான்.

அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, இங்கே பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். சுமத்ராவின் மேடான் நகரத்திலிருந்து நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். மலாய் மொழியும் இந்தோனேசிய மொழியும் ஒன்றுதானே என்று நாமும் நினைப்போம், அவர்களும் நினைப்பார்கள். ஒருநாள் மேடான்காரர் ஒருவர் மகளோடு முகப்பில் நின்றிருந்தார். அவருக்கு இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டியிருந்தது. அதற்குக் கட்டணம் கிடையாது. முகப்பிலிருந்த இளம்பெண் அதை நல்ல செய்தியாகச் சிரித்த முகத்தோடு சொன்னாள்: "இந்தச் சோதனை பெர்ச்சுமா, பா'." பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். மகள் இரண்டு பாஸ்போர்ட்டையும் மேசையிலேயே விட்டுவிட்டு அழத் தொடங்கினாள். காசு வேண்டாம் என்றால் ஏன் அழுகிறார்கள் என்று முகப்புப் பெண் திகைத்து நின்றாள்.

மலாயில் 'பெர்ச்சுமா' என்றால் இலவசம். இந்தோனேசியாவில் அதே சொல்லுக்கு வீண், பயனில்லை என்று பொருள். இனிச் சோதித்துப் பயனில்லை, கைவிட்டுவிட்டார்கள் என்றே அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. நான் ஓடிப்போய், "கிராத்திஸ், பா', கிராத்திஸ்" என்று அவர்கள் பேச்சில் இலவசத்துக்குரிய சொல்லைச் சொன்ன பிறகுதான் அந்த மனிதருக்கு மூச்சு வந்தது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. கடை, கப்பல், கட்டில், மீசை எல்லாம் மலாய்க்குள் போனதைப் போலவே நம் சும்மாவும் 'ச்சுமா' ஆகிப் போயிருக்கிறது. பெர்ச்சுமா அதன் பிள்ளை. "சும்மா கொடுத்தான்" என்றால் இலவசம், "சும்மா அலைந்தேன்" என்றால் வீண். கப்பலேறிப் போன சொல் ஒரு பொருளை நீரிணையின் இந்தக் கரையிலும் இன்னொன்றை அந்தக் கரையிலும் இறக்கிவிட்டாற்போல இருக்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு பிள்ளை அன்று அந்த முகப்பில் இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். வேலை எங்கே என்று கேட்கும் கட்டுரையாளர் இங்கே பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளையும் ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். நேப்பாளத்துக்காரரும் வங்காளதேசத்துக்காரரும் மியன்மார்காரரும் ஒரே வரிசையில் நின்று வேலை செய்கிறார்கள். மேற்பார்வையாளர் சொல்வது அவர்களில் எத்தனை பேருக்குப் போய்ச் சேருகிறது?

கட்டுரையாளரோடு என் வழக்கு இத்துடன் முடிந்தது. எனக்குப் பெரிய மனக்குறை, பாடம் நடத்துகிறவர்களிடம்தான்.

மகளின் பாடக்குறிப்புகளை நானும் புரட்டுவேன். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவராகச் சொல்லப்படும் எட்வர்ட் ஹால் அமெரிக்க மானிடவியலாளர்; 1950களில் வெளிநாடு போகும் தூதரக அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர்களுக்கு வேற்றுப் பண்பாடு என்பது விமானம் ஏறிப் போய்ச் சேர வேண்டிய இடம். நமக்கு அது எதிர்வீடு. வாய் விட்டுச் சொல்லாமலே பொருளை உணர்த்தும் பண்பாடுகளைப் பற்றி ஹால் எழுதியதற்கு மகளின் வகுப்பில் காட்டும் எடுத்துக்காட்டு எப்போதும் ஜப்பான். ஒரு தமிழ் அப்பா "பார்க்கலாம்" என்றால் இல்லை என்று பொருள் என்பது நம் வீட்டு ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். மலாய்க்கார நண்பர் "தெங்கொக் டுலு லா" (முதலில் பார்ப்போம்) என்றாலும் பெரும்பாலும் அதே கதைதான். குறளை இழுக்காமல் இவளால் கடிதம் எழுத முடியாதா என்று நீங்கள் நினைக்கலாம். இருந்தாலும் பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று என்று குறிப்பறிதலுக்கு இரண்டு அதிகாரம் ஒதுக்கிய மொழிக்காரர்கள் ஜப்பானுக்குப் போய்த்தான் இதைக் கற்க வேண்டுமா?

அடுத்தவர் ஹாலந்துக்காரர் ஹொஃப்ஸ்டெட். ஐ.பி.எம். நிறுவன ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கருத்தாய்வுகளை வைத்து நாட்டுக்கு நாடு மதிப்பெண் போட்டவர். மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் உள்ள இடைவெளியை இயல்பென்று ஏற்றுக்கொள்வதில் மலேசியாவுக்கு 104. நூற்றையும் தாண்டிவிட்டோம்! என் மகளுக்குக் கணக்குப் பாடத்தில்கூட இப்படி வந்ததில்லை. ஆனால் இந்த 104 யாருடையது, மலாய்க்காரருடையதா, சீனருடையதா, நம்முடையதா? கணினி நிறுவன ஊழியரைக் கேட்டார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மாவை யாரும் கேட்கவில்லை. சம்பளத்தில் குறைந்தால் தோட்டத்துக் கணக்கர் கிராணி முன்னால் நின்று கணக்குக் கேட்டவர் அவர். தனி மனிதரை அளக்க இந்த எண் உதவாது என்று ஹொஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார். மகளின் தேர்வுத்தாளில் 104 வந்தது, எச்சரிக்கை வரவில்லை.

ஜப்பானியருக்கு முகவரி அட்டையை இரண்டு கையாலும் எப்படி நீட்டுவது என்று ஒரு வாரம் பயிற்சி நடந்தது. பயிற்சி முடிந்ததும் வகுப்பே சிற்றுண்டிச்சாலைக்குப் போய், மலாய்க்காரர் ஒரு மேசை, சீனர் ஒரு மேசை, நம் பிள்ளைகள் ஒரு மேசை என்று உட்கார்ந்து சாப்பிட்டதாம்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓர் இரவு சீனப் பெரியவர் ஒருவருக்கு நான்காம் எண் கட்டிலைக் கொடுத்தேன். அவர் அதில் ஏறவே மறுத்து விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிடிவாதக்காரர் என்று குறிப்பேட்டிலேயே எழுதி வைத்தேன். காலையில் துப்புரவு வேலைக்கு வந்த சீன அம்மா தலையில் அடித்துக்கொண்டார்: ஹொக்கியன் சீனப் பேச்சில் நான்குக்கும் சாவுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி. அதே வார்டில் எட்டாம் கட்டிலில் நம் ஆள் ஒருவர், "ஏற்கெனவே எனக்கு அட்டமச் சனி, எட்டிலேயே படுக்க வைத்துவிட்டாயே அம்மா" என்று முதல் நாளிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தார். சீனருக்கு எட்டு ராசியான எண். இருவரையும் இடம் மாற்றினேன். பதிவேடு குழம்பிவிட்டது என்று தலைமைத் தாதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்; அந்த இரவு இருவரும் நன்றாகத் தூங்கினார்கள்.

இப்படிப்பட்ட வார்டுகளுக்கும் சந்தைகளுக்கும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களிடமும் மாணவர்களை ஒரு பருவமாவது அனுப்ப வேண்டும் என்பதே பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு என் வேண்டுகோள். ஹாலையும் ஹொஃப்ஸ்டெட்டையும் பிறகு படிக்கட்டும். அப்போது எதிர்க்கேள்வி கேட்கவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வேற்றுப் பண்பாட்டைச் சேர்ந்த ஒருவரோடு உரையாடி எழுதி வர வேண்டும் என்று மகளுக்கு இந்த மாதம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் எல்லாரும் கொரிய மாணவர்களைத் தேடிக்கொண்டிருக்க, இவள் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். பத்தொன்பது ஆண்டுகளாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மழையையும் குப்பை லாரியையும் பற்றித்தான் நான் அவரோடு பேசியிருக்கிறேன். முதல் கேள்வியாக எதைக் கேட்கலாம் அம்மா என்று நேற்றிரவு மகள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதி,
ஜெலுத்தோங், பினாங்கு.