உப்பு மண்ணில் புல் வளர்க்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை இரண்டு நாட்களாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். புல் முழங்கால் உயரம்கூட வரவில்லை, இடையிடையே மண் வெள்ளை பூத்துக் கிடக்கிறது, எல்லாவற்றையும் உழுது போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் அம்மா. நட்டு ஓர் ஆண்டுதானே ஆகிறது! பல்லாண்டுப் புல்லுக்கு முதல் ஆண்டு வேலையெல்லாம் மண்ணுக்குக் கீழேதான். எரிபொருளுக்காக நீ நட்டிருக்கும் மிஸ்காந்தஸ் புல், நல்ல நிலத்திலேயே முழு மகசூலைக் காட்ட மூன்று ஆண்டுகள் ஆகும். உப்பு நிலத்தில் இன்னும் பொறுக்க வேண்டும்.

வெள்ளை பூத்த திட்டுகளில் முதலில் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடு. மேல் மண் மட்டும் போதாது, முழங்கை ஆழத்திலும் எடு. அது கரையும் உப்பு மிகுந்த உவரா, சோடியம் மிகுந்த களரா என்று தெரியாமல் ஒரு பிடி ஜிப்சம்கூடப் போடாதே. நான் போட்டேன். உன் வயதில், கீழ்வயல் வெளுத்திருப்பதைப் பார்த்த பதற்றத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டினேன். அது உவர் நிலம். அதற்குத் தேவைப்பட்டது நல்ல தண்ணீரும், கரைந்த உப்பு வெளியேற ஒரு வடிகாலும். ஜிப்சம் களருக்கான மருந்து. அங்கே சோடியம் களிமண்ணைக் கலைத்து, தண்ணீர் இறங்கும் கண்களை அடைத்துவிடும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தை விரட்டி அதன் இடத்தில் உட்காரும். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர் என்பார்கள். களிமண் துகள்களில் ஒட்டியிருக்கும் மாற்றுச் சோடியம் 15 சதவீதத்துக்கு மேலும், கார அமில நிலை 8.5க்கு மேலும் போனால் களர். இரண்டும் சேர்ந்தும் இருக்கும். அறிக்கை வந்ததும் எனக்கு எழுது.

இன்னொன்று. படத்தில் கரணைகளை, மண் அணைத்த மேடான பாரின் உச்சியில் நட்டிருக்கிறாய். ஈரம் மேலேறி உலரும்போது உப்பு அந்த உச்சியில்தான் சேரும். இளஞ்செடி உப்பைத் தாங்காது, வேர் ஊன்றிய புல் தாங்கும். இடைவெளிகளை நிரப்பும்போது பாரின் பக்கச் சரிவில் நடு. மிஸ்காந்தஸ் எடுபடாத இடத்தில் கல்லர் புல்லை முயன்று பார். அதன் இலையை விரலால் தடவினால் உப்புத் துகள் ஒட்டும். உள்ளே வந்ததை இலை வழியாகவே வெளியே தள்ளிவிடுகிற புல் அது. இராட்சத நாணல் நிறைய வளர்கிறதென்று யாராவது சொன்னால் கேட்காதே. ஓடைக்கரையில் ஒருமுறை புகுந்தால் பிறகு அதை ஒழிப்பது பெரும்பாடு.

இந்தப் புல் உப்பையெல்லாம் உறிஞ்சி நிலத்தைச் சுத்தமாக்கிவிடும் என்றும் எழுதியிருந்தாய். அதை மட்டும் நம்பியிராதே. அறுவடையோடு போகும் உப்பு மிகக் கொஞ்சம். ஆழமாக இறங்கும் வேர் இறுகிய மண்ணைத் திறக்கிறது, மழைநீர் உப்பைக் கீழே கொண்டுபோக வழி கிடைக்கிறது, புல்லின் நிழலில் தரை காய்வது குறைகிறது. உண்மையான லாபம் அங்கேதான். உணவுப்பயிர் வராத நிலத்தில் எரிபொருள் எடுக்கிறாய் என்பதும் எனக்குப் பெரிய நிறைவு.

எரிப்பதற்கென்றால் பச்சையாக இருக்கும்போது அறுக்காதே. தாள் காயக் காயச் சத்துகள் மண்ணுக்கடியில் உள்ள கிழங்குத்தண்டுக்குத் திரும்பும், அடுத்த ஆண்டு அதுதான் உரம். நிற்கிற தாள்மீது மழை பெய்தால் குளோரினும் பொட்டாசியமும் ஓரளவு கழுவப்படும். இல்லாவிட்டால் உப்பு நிலத்துத் தாளின் சாம்பல் கொதிகலனுக்குள் உருகிக் குழாய்களில் ஒட்டும், குளோரின் இரும்பை அரிக்கும், வாங்குகிறவர்கள் சுமையைத் திருப்பி அனுப்புவார்கள். புல்லை நொதிக்க வைத்து எரிவாயு எடுக்கும் கலனுக்கு என்றால் பச்சையாகவே அறுக்கலாம். ஆனால் அப்போது சத்தும் வயலைவிட்டுப் போய்விடும், கலனில் மிஞ்சும் எருவைத் திருப்பிப் போட வேண்டும். யாருக்கு விற்கப்போகிறாய் என்பதை முடிவு செய்தபிறகே அரிவாளை எடு.

உழுவதற்கு முன் எனக்காக ஒன்று செய். வயல் ஓரத்தில் மிகவும் நோஞ்சானாகத் தெரியும் ஒரு தூரைப் பார்த்து, மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடு. மண்ணை உதறிவிட்டுக் கிழங்குத்தண்டைக் கையில் வைத்துப் பார். கூர்மையான மொட்டுகள் வெளிறிய நிறத்தில் முட்டிக்கொண்டிருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. எத்தனை மொட்டு என்று எண்ணி, படம் எடுத்து அனுப்பு. தோண்டியதைத் திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா