கம்யூனிட்டி காலேஜ் என்றால் கௌரவக் குறைச்சலா?

ஆசிரியருக்கு, அமெரிக்க மாணவர்களின் கல்விக் கடன் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். கடன் சுமையைக் குறைக்க, கம்யூனிட்டி காலேஜ் எனும் இரண்டாண்டு அரசுக் கல்லூரி பக்கத்திலேயே இருந்தும், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். கலிபோர்னியாவில் மாநிலவாசிகளுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட் எனும் பாட அளவு ஒன்றுக்கு 46 டாலர்தான். இரண்டு வருடம் அங்கே படித்து உரிய மதிப்பெண் எடுத்தால் டேவிஸ், இர்வைன் உட்பட கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் 6 வளாகங்களில் பல பாடப்பிரிவுகளுக்கு இடம் உறுதி, மீதிப் படிப்பைப் பல்கலைக்கழகத்தில் முடித்ததும் கைக்கு வருவது எல்லோரும் வாங்கும் அதே பட்டம்.

எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில், மகன் எங்கே படிக்கிறான் என்று கேட்டதற்கு ஓர் அம்மா "இங்கதான், பக்கத்துல" என்று பேச்சை மாற்றினார். சாப்பாட்டுத் தட்டோடு நின்ற பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கிற பிள்ளை அவன்! தமிழ்ச் சங்கங்கள் பட்டதாரிகளை மேடையேற்றிப் பாராட்டும்போது, அவர்கள் படிப்பைத் தொடங்கிய கம்யூனிட்டி காலேஜின் பெயரையும் சேர்த்தே அறிவிக்கலாம்.

- ஒரு வாசகர், ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா