அமிலத்தில் ஊறினால் சர்க்கரை வெளுக்காது

ஆசிரியருக்கு,

பழுப்புச் சர்க்கரையை அமிலத்தில் ஊறவைத்துத்தான் வெள்ளையாக்குகிறார்கள் என்று சென்ற இதழின் சமையல் பக்கத்தில் ஒரு வரி வந்திருந்தது. அமிலத்தில் ஊறினால் சர்க்கரை குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக உடைந்து, படிகம் கட்டாத பாகாகிவிடும். ஆலையில் எல்லாரும் பயப்படுவதே அதற்குத்தான்.

கச்சாச் சர்க்கரையின், அதாவது சுத்திகரிக்காத பழுப்புச் சர்க்கரையின், நிறத்தில் பெரும்பகுதி படிகத்தின் மேல் ஒட்டியிருக்கும் மொலாசஸ் (படிகமாகாமல் மிஞ்சும் கரும்பாகு) படலம்தான். எனவே சுத்திகரிப்பில் முதல் வேலை கழுவுவது. வெறும் தண்ணீர் என்றால் சரக்கே கரைந்துபோகும். அதனால் 70-75 பிரிக்ஸ் (நூறு கிராம் பாகில் அத்தனை கிராம் சர்க்கரை) சூடான பாகில் குழைத்து, சென்ட்ரிஃப்யூகல் என்ற வேகமாகச் சுழலும் சல்லடைக் கூடையில் சுற்றவிட்டு, கடைசியில் சில விநாடி மட்டும் வெந்நீர் தெளிப்பார்கள். கூடையின் சல்லடையில் அப்பிய காப்பிப்பொடி நிறக் குழம்பு கண்ணெதிரே வெளிறும். தண்ணீர் கூடிவிட்டால் கரைந்த சர்க்கரை வடிபாகோடு ஓடிவிடும், அதை மறுபடி காய்ச்ச வேண்டும்.

உள்ளே சிக்கிய நிறம் கழுவினால் போகாது. சர்க்கரையைக் கரைத்து, சுண்ணாம்புப் பால் விட்டு, கரியமில வாயுவைச் செலுத்துவார்கள். அப்போது உண்டாகும் கால்சியம் கார்பனேட் துகள்கள் நிறப்பொருளையும் பசையையும் பிடித்துக்கொண்டு வடிகட்டியில் தங்கிவிடும். கச்சாச் சரக்கில் ஸ்டார்ச் அதிகமிருந்தால் துகள் சரியாகத் திரளாமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மீதி நிறத்தை எடுக்கக் கரியோ, நிறத்தைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகளோ போதும். எலும்புக்கரி அமெரிக்காவில் சில ஆலைகளில் புழங்குவது.

பிறகு பான், அதாவது பாகைக் காய்ச்சிப் படிகமாக்கும் மூடிய கொப்பரை. வெற்றிடத்தில் காய்ச்சுவதால் 65-75 டிகிரியிலேயே கொதிக்கும், கருகாது. பொடித்த சர்க்கரையை விதையாகப் போட்டுப் படிகம் வளர்ப்பார்கள். பான்மேன் கவனம் தப்பிப் பாகு அளவுக்கு மீறிச் செறிந்தால், விதைக்காத பொடிப் படிகங்கள் தாமாகக் கிளம்பும். அவை சென்ட்ரிஃப்யூகலின் சல்லடையை அடைக்க, பாகு வடியாமல் சர்க்கரை மஞ்சளாகவே வரும்.

இன்னொன்று. நம் ஆலைகள் பலவற்றில் கச்சாச் சர்க்கரை என்ற கட்டமே கிடையாது. கரும்புச்சாற்றைச் சுண்ணாம்பாலும் கந்தகப் புகையாலும் தெளியவைத்து நேரே வெள்ளைச் சர்க்கரையாக எடுக்கிறார்கள். ரசாயனம் பற்றி எழுதுவதென்றால் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். இந்த வகையில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். கந்தகமே வேண்டாம் என்பவர்கள் பொட்டலத்தில் ‘சல்ஃபர் ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். பழுப்பு நிறத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். வெள்ளைச் சர்க்கரைமேல் மொலாசஸ் பூசி விற்பதும் உண்டு.

இப்படிக்கு,
சர்க்கரை ஆலை கெமிஸ்ட் ஒருவர்