சோளக்கருது சுடுவது பற்றி சுமதிக்கு

அன்புள்ள சுமதிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதா, பாவப்படுவதா என்று தெரியவில்லை. பிளாஸ்டிக் சுற்றி விற்கிற ஸ்வீட் கார்னை வாங்கி, குக்கரில் மூன்று விசில் விட்டு, அப்புறம் அடுப்பில் வாட்டி, மேலே மிளகாய்த்தூளைக் கொட்டி, "ஊட்டி ரோட்டில் தின்ற ருசி வரவே இல்லைடி" என்று எழுதியிருக்கிறாய். எப்படி வரும்? அது வேற கருது, இது வேற கருது.

அதற்கு முன்னால் ஊர்ச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ திட்டுவாய். மாமியாருக்கு முழங்கால் வலி பரவாயில்லை, இப்போது கட்டுத்தரை வரைக்கும் தானே நடந்து போய் மாட்டை அதட்டிவிட்டு வருகிறார். பெரியவள் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், வீட்டுக்கு வந்தால் எங்களுக்கே பாடம் எடுக்கிறாள். இந்த முறை பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் தண்ணீர் எங்கள் மண்டலத்துக்கு வந்ததால் புரட்டாசியிலேயே மக்காச்சோளம் போட்டோம், இப்போது மார்கழிக் குளிரில் கருது பால் பிடித்து நிற்கிறது. மயில் ஒரு பக்கம், காட்டுப்பன்றி ஒரு பக்கம். ராத்திரிக் காவலுக்குத் தோட்டத்து வீட்டில், அதுதான் சாளையில், படுக்கிற எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய், பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்குகிறது.

சரி, கருதுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் விளைகிற சோளம் தின்பதற்காகப் போடுவதே இல்லை என்பது உனக்கும் தெரியும். உடுமலை, தாராபுரம், பல்லடம் காடுகளில் விளைவதெல்லாம் பெரும்பாலும் முற்றிக் காய்ந்து, பல்லடத்துக் கறிக்கோழிக்கும் நாமக்கல் முட்டைக்கோழிக்கும் தீவனமாகப் போய்விடும். ஆனால் அது முற்றுவதற்கு முன்னால், பால் பிடிக்கிற அந்தக் கொஞ்ச நாள் இருக்கிறதே, அதில் உடைத்துச் சுட்டால்தான் நீ தேடுகிற ருசி. தோல் தடிமன், உள்ளே மாவுச்சத்து அதிகம், அதனால் நெருப்பைத் தாங்கும், அங்கங்கே கருகும், மெல்ல மெல்ல மணக்கும். ஸ்வீட் கார்னில் சர்க்கரை அவ்வளவு சீக்கிரம் மாவாக மாறாது, அதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம். மணி மெத்தென்று நீரோட்டமாக இருக்கும், நெருப்பில் காட்டினால் தோல் சுருங்கிப் போகும். அதை ஏற்கெனவே குக்கரில் வேறு போட்டு நீ சக்கையாக்கியிருக்கிறாய்! அவித்துத் தின்ன அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை, சுடுவதற்கு ஆகாது என்கிறேன், அவ்வளவுதான்.

சென்னையிலும் நாட்டுக் கருது கிடைக்கும், கடற்கரையில் சுட்டு விற்கிறவர்கள் எங்கிருந்து வாங்குகிறார்கள் என்று கேள். தோகை உரிக்காததாகப் பார்த்து எடு. நுனியில் முடி பழுப்பாகிக் காய்ந்திருக்க வேண்டும், தோகை பச்சையாக இருக்க வேண்டும். தோகையைக் கொஞ்சம் விலக்கி ஒரு மணியை நகத்தால் குத்து. வெறும் தண்ணீர் தெறித்தால் இளசு, வெள்ளைப் பால் வந்தால் சரியான பருவம், பாலே வராமல் மாவாக ஒட்டினால் முற்றிவிட்டது, அதை உப்புப் போட்டு அவித்துக்கொள்ள வேண்டியதுதான். பெரியவள் சொல்கிறாள், ஒவ்வொரு மணிக்கும் ஒரு முடியாம், மகரந்தம் விழாத முடிக்கு மணி பிடிக்காதாம். நுனியில் பொக்கையாக இருக்கிற கருதைப் பார்த்தால் இனிமேல் யாரைத் திட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வரிசையையும் எண்ணிப் பார்க்கச் சொன்னாள், எப்போதும் இரட்டைப்படையில்தான் வருமாம், அன்றைக்குச் சாளையில் எல்லோருக்கும் அதே வேலையாகப் போயிற்று.

வாங்கினால் அன்றைக்கே சுட்டுவிடு. ஃபிரிட்ஜில் நாள்கணக்கில் போட்டு வைத்தால் இனிப்பு இறங்கிவிடும். தெரிந்த தோட்டத்தில் உடைத்தால் கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு உடைக்க வேண்டும், 2018-ல் மக்காச்சோளத்தைத் தின்கிற அந்தப் படைப்புழு வந்து சேர்ந்ததிலிருந்து மருந்து அடிக்காத காடு அபூர்வம்.

இங்கே நாங்கள் தேங்காய்த் தொட்டியை, அதுதான் சிரட்டையை, எரித்துச் சுடுகிறோம். காங்கேயம் பக்கம் கொப்பரைக் களத்தில் மலையாகக் குவிந்து கிடக்குமே, அதேதான். கொளுத்திவிட்டுத் தீ அடங்கி, கங்கு மேலே சாம்பல் பூத்த பிறகுதான் கருதை வைக்க வேண்டும், அவசரப்பட்டால் புகைநாற்றம் ஏறிவிடும். வெளித்தோகையை உரித்துவிட்டு உள்ளே ரெண்டு அடுக்கை விட்டு முதலில் வாட்டினால் அந்த ஈரத்திலேயே பாதி வெந்துவிடும், அப்புறம் அதையும் உரித்துவிட்டு நேராகக் கங்கில் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். உன் ஃபிளாட்டில் இதெல்லாம் நடக்காது. கேஸ் அடுப்பில் சப்பாத்தி சுடுகிற கம்பி வலையை வைத்து, மிதமான தீயில், பத்து நிமிடம் போலப் பக்கம் பக்கமாகத் திருப்பு. தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். மணி வெடித்துத் தெறிக்கும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே. இண்டக்‌ஷன்தான் இருக்கிறதென்றால் இரும்புத் தோசைக்கல்லில் மூடி போட்டு உருட்டிக்கொண்டே இரு, வேகும், ஆனால் அந்தக் கரிவாசம் வராது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

காரம் சுட்டு இறக்கின பிறகுதான். முன்னாலேயே மிளகாயைத் தடவிவிட்டுத் தீயில் வைத்தால் மிளகாய் கருகி வீடு முழுக்க இருமல். நாலு கருதுக்கு ரெண்டு ஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு ஸ்பூன் கல்லுப்பைப் பொடித்தது, அரை ஸ்பூன் வறுத்த சீரகத்தூள், பிடித்தால் ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி, வெட்டின முகத்தை இந்தப் பொடியில் அழுத்தி எடுத்து, சுடச்சுட இருக்கிற கருதில் லேசாகப் பிழிந்துகொண்டே தேய். ரோட்டோரக் கடையில் அவர்கள் செய்வதும் இதைத்தான், வேறு ரகசியம் ஒன்றும் கிடையாது. வெண்ணெய் போடுவேன் என்று அடம்பிடித்தால் போட்டுக்கொள், ஊத்துக்குளி வெண்ணெயாக இருந்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எனக்கு என்னவோ வெண்ணெய் போட்டால் எலுமிச்சை அடங்கிப் போகிறது. வீட்டுக்காரருக்கு வேறு வழி. வரமிளகாய், பூண்டு, உப்பு மூன்றையும் அம்மியில் நசுக்கி, கொஞ்சம் கடலெண்ணெய் விட்டுக் குழைத்துத் தடவித் தருவேன், தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தின்பார்.

மிஞ்சினால் மணியை உதிர்த்து வை. மறுநாள் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, விதை எடுத்துக் கிள்ளிப் போட்ட வரமிளகாய், பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய், பள்ளிபாளையம் சிக்கனுக்குத் தாளிக்கிற மாதிரி தாளித்து அதில் இந்த மணியைப் போட்டுப் புரட்டினால் ரசம் சாதத்துக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. சின்னவனுக்காகச் செய்ய ஆரம்பித்தது, இப்போது இதற்காகவே நான் ரெண்டு கருது கூடுதலாகச் சுடுகிறேன்.

உன் கொழுந்தனார் தையில் திருப்பூர் வருகிறார் என்றாயே, எந்தத் தேதி? பொங்கல் முடிந்து வந்தால் கருது முற்றிவிடும், கொஞ்சம் முன்னால் வரச்சொல், தோகையோடு ஒரு சாக்கில் கட்டித் தருகிறேன். ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் உனக்கு வந்துவிடும். அதற்குள் கம்பி வலை வாங்கி வை.

அன்புடன்,
மல்லிகா